ஆவுடையப்பன் காரின் கூரை

கார் என்றால் நாலு சக்கரம், ஒரு கூரை, நடுவே மனுஷன் உட்கார இடம், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்த ஆள் ஆவுடையப்பன். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே வேப்பமரத்து நிழலில் அவருடைய அம்பாசடர் டாக்ஸி நிற்கும். கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை. பிரசவத்துக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்கள், கோமதியம்மனைக் கும்பிட வந்து ஊருக்குத் திரும்பும் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் எல்லாரும் அந்த மஞ்சளைத் தூரத்தில் பார்த்துவிட்டுத்தான் கையைத் தூக்குவார்கள். அவர் வீட்டு அடுப்பு எரிந்ததே அந்த மஞ்சளால்தான்.

எண்பதுகளின் ஆரம்பம் அது. காருக்கு வேஷம் கட்டுகிற பைத்தியம் சுத்துப்பட்டு ஊர்களை எல்லாம் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் போன பையன்கள் லீவில் வந்து இறங்கினால் முதலில் வாங்குவது ஒரு பழைய கார். வாங்கின கையோடு அதை ஓட்டிக்கொண்டு வருவது சிவகிரி ரோட்டில் இருந்த பவுல்பாண்டியனின் பட்டறைக்கு. ஒருத்தன் காரைத் தரையோடு தரையாக இறக்கச் சொல்வான். இன்னொருத்தன் லாரிச் சக்கரம் மாதிரி அகலமாகப் போடச் சொல்வான். கண்ணாடிக்குக் கறுப்புத் தாள், முன்னால் வரிசையாக விளக்கு, பின்னால் எடுத்தால் குழந்தை அழுகிற சத்தம், சைலன்சரில் ஓட்டை போட்டு ஊரையே எழுப்புகிற உறுமல். அடேயப்பா, என்ன கூத்து! உள்ளே உட்கார்ந்திருக்கிறவனுக்கு முதுகு ஒடிந்தாலும் சரி, வெளியே நிற்கிறவன் வாயைப் பிளந்தால் போதும்.

"நல்லா ஓடுத வண்டியைக் கொண்டாந்து, இதைக் கெடுத்துக் குடுன்னு கேக்கான் அண்ணாச்சி. நானும் கெடுத்துக் குடுத்துக்கிட்டு இருக்கேன். ஞாயித்துக்கிழம கோயில்ல போயி முழங்கால் போடுததுக்கே கூச்சமா இருக்கு" என்பான் பவுல்பாண்டியன்.

பிரேக்குக்கு எண்ணெய் ஊற்ற வரும் ஆவுடையப்பன் இதையெல்லாம் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு போவார். தன் காருக்கும் அந்தக் காலம் வரும் என்று யார் கண்டது?

வந்தது கல்யாண உருவத்தில். அவருக்கு ஒரே மகள், சங்கரவடிவு. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். இரண்டு இடம் பேசி முறிந்துபோயிருந்தது. ஒரு இடத்தில் ஜாதகம், இன்னொரு இடத்தில் "டிரைவர் மகளா?" என்கிற ஒற்றைக் கேள்வி. மூன்றாவதாக சிவகிரியிலிருந்து வந்தது சௌந்தரபாண்டியன் சம்பந்தம். கூட்டுறவு சங்கத்தில் வேலை. பையன் சாது, வாயைத் திறக்கவே காணோம். வாய் எல்லாம் அவனுடைய சித்தப்பா குருநாதனுக்குத்தான். அப்பா இல்லாத பையன் என்பதால் எல்லாம் அவர் வைத்த சட்டம்.

நிச்சயதார்த்தத் தாம்பாளம் மாற்றுகிற நேரத்தில் குருநாதன் தொண்டையைச் செருமினார்.

"நகை நட்டுன்னு நாங்க வாயைத் தொறக்கலை, பாத்தியளா? ஒண்ணே ஒண்ணுதான். மாப்பிள்ளை அழைப்புக்கு ஓப்பன் கார் வச்சிருங்க. எங்க குடும்பத்துல எல்லா மாப்பிள்ளையும் ஓப்பன் கார்லதான் வந்திருக்கான். சொந்தக்காரன் நாலு பேரு பாக்கணும்லா?"

மாப்பிள்ளை தலையைக் குனிந்து வெற்றிலைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆவுடையப்பன் "அதுக்கென்ன, பேஷா வச்சிருவோம்" என்று சொல்லிவிட்டார். சபையில் வேறு என்ன சொல்வது?

வைப்பது அவ்வளவு லேசில் இல்லை. ராஜபாளையத்தில் ஒரு ஓப்பன் கார் இருந்தது. கோவில்பட்டியில் ஒன்று, திருநெல்வேலியில் இரண்டு. ஆவணி மாசத்தில் கல்யாணம் வைக்காத வீடு ஏது? மாப்பிள்ளை அழைப்பன்றைக்கு எல்லாக் காரும் பேசி முடித்தாயிற்று. ஆவுடையப்பன் தன் டாக்ஸியிலேயே அலைந்து அலைந்து, பெட்ரோல் கரைந்ததுதான் மிச்சம். திரும்பி வந்து வீட்டில் சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்துவிட்டார்.

"இதையும் கைவிட்டுராதீய. எனக்கு இனிமே ஒருத்தன் முன்னால காப்பித் தட்டோட நம்ம புள்ளையை நிறுத்தத் தெம்பு இல்ல" என்றாள் அவர் மனைவி முத்துத்தாய்.

உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த வடிவு சுளகை வைத்துவிட்டு வந்தாள்.

"அப்பா, அவியகிட்டயே ஒரு வார்த்த கேட்டா என்னப்பா? ஓப்பன் கார் கெடைக்கலன்னா அவிய ஒண்ணும் சொல்லமாட்டாவன்னு தோணுது."

"யார்கிட்ட?"

"அவியகிட்டதான். மாப்பிள்ளைகிட்ட."

ஆவுடையப்பன் குரலைத் தாழ்த்தினார். "ஏட்டி, என்ன பேச்சு பேசுத? பொண்ணு வீட்டுக்காரன் மாப்பிள்ளைகிட்டப் போயி நேரா நிக்கதா? பெரியவரு ஒருத்தரு இருக்காருல்லா. நாளைக்கு அவரைத் தாண்டிப் போனோம்னு ஒரு பேச்சு வரும். வாயை மூடிக்கிட்டு உள்ள போ."

அவள் போய்விட்டாள். பெண் வீட்டார் மாப்பிள்ளையோடு பேசுவதில்லை, பெரியவர்கள்தான் பெரியவர்களோடு பேசுவார்கள். அந்தப் பக்கத்து வழக்கம் அது. அதில் ஆவுடையப்பனைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்?

மறுநாள் பவுல்பாண்டியனிடம் போய் நின்றார். பவுல் ஒரு பியட் காருக்கு அடியில் படுத்திருந்தான். கால் மட்டும் வெளியே தெரிந்தது. அந்தக் காலிடம்தான் ஆவுடையப்பன் தன் கதையைச் சொன்னார்.

"இதுக்கா அண்ணாச்சி இந்தப் பாடு?" என்று கால் பேசியது. பிறகு முழு ஆளும் வெளியே வந்தான். "எங்க அப்பா காலத்துல ஒரு ஜமீனுக்குப் பெரிய அமெரிக்கா காரு ஒண்ணை மேல அறுத்துக் குடுத்தோம். நானும் கூட நின்னேன். வெண்ணெய் வெட்டுதாப்புல வந்திருச்சி. இன்னும் அந்த வண்டி ஓடிக்கிட்டிருக்கு. உம்ம காரை நாலு தூணுல அறுத்து, கூரையை அலுங்காம எடுத்து வச்சிருவோம். கல்யாணம் முடிஞ்சதும் எடுத்து மேல வச்சி வெல்டிங் அடிச்சா, மேல ஒரு கோட்டிங் மஞ்சள். எவனுக்குத் தெரியப்போவுது?"

"திரும்ப உக்காருமா பவுலு?"

"சட்டிக்கு மூடி உக்காராமப் போவுமா? என்ன அண்ணாச்சி இப்படிக் கேக்கீய!"

பவுல்பாண்டியன் கெட்டவன் இல்லை. பொய்யும் சொல்லவில்லை. மனசார நம்பித்தான் சொன்னான். அவனுக்கு ஞாபகம் வராதது ஒரே ஒரு விஷயம்தான். அந்தப் பெரிய காருக்கு அடியில் தனியாக இரும்புச் சட்டம் இருந்தது. மேலே எதை அறுத்தாலும் அது தாங்கும். அம்பாசடருக்கு அப்படிச் சட்டம் கிடையாது. தரையும் தூணும் கூரையும் சேர்ந்துதான் அதற்கு எலும்பு. கூரை வெறும் மூடி இல்லை. இது அன்றைக்கு அந்தப் பட்டறையில் ஒருத்தர் மூளையிலும் உதிக்கவில்லை.

ஆவுடையப்பன் அன்று ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே விஷயத்தைச் சொன்னார். முத்துத்தாய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். வடிவுதான் கேட்டாள்.

"கூரை இல்லன்னா பிரேக் இன்ஸ்பெக்டரு டாக்ஸின்னு விடுவாராப்பா?"

"ஒரு வாரம் ஸ்டாண்டுக்குப் போமாட்டேன், அவ்வளவுதான். கல்யாண வேலையிருக்குல்லா."

"நெசமா திரும்ப வச்சிர முடியுமா?"

"வச்சிரலாம் மக்கா."

"எம்மேல ஆணையாச் சொல்லுங்க."

"போட்டி கழுதை, ஆணையாவது கீணையாவது. சோத்தைப் போடு" என்றார். ஆணை மட்டும் இடவில்லை.

அறுக்கிற அன்றைக்கு ஆவுடையப்பன் பட்டறையில் நிற்க மாட்டாமல் எதிரே இருந்த டீக்கடையில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். ரம்பம் இரும்பில் இழுக்கிற சத்தம் பல்லைக் கூச வைத்தது. டீ ஆறிப்போனது. சத்தம் நின்றதும் போய்ப் பார்த்தார். நாலு பேர் கூரையைத் தூக்கிக்கொண்டு போய் வேலியோரம் குப்புறப் போட்டிருந்தார்கள். கார் மொட்டையடித்துக்கொண்டு நின்றது. அவருக்கு அந்த வண்டியை அடையாளமே தெரியவில்லை. அழுகை வந்தது, பீடியைப் பற்றவைத்துச் சமாளித்தார்.

ஆனாலும் பவுல் அழகாகத்தான் செய்திருந்தான். அறுத்த விளிம்புக்கெல்லாம் வெள்ளி நிறத் தகடு சுற்றி, சீட்டுக்குச் சிவப்பு வெல்வெட் போட்டு, சரிகை மாலைகளைத் தொங்கவிட்டபோது முத்துத்தாய்கூட "ராசா ஏறுத வண்டிதான்" என்று வாயாரச் சொன்னாள். ஆவுடையப்பனுக்கும் கொஞ்சம் பெருமையாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பெற்ற மகளுக்காக என்ன செய்தோம் என்று நாளைக்கு ஒருத்தன் கேட்டால் இதைச் சொல்லலாமே.

மாப்பிள்ளை அழைப்பு அன்று சாயங்காலம், வெயில் தாழ்ந்ததும், பிள்ளையார் கோயில் முன்னால் கூட்டம் கூடிவிட்டது. ஆவுடையப்பன் புது வேட்டி கட்டி, தானே ஓட்டுவதாகச் சொல்லி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிவகிரியிலிருந்து மாப்பிள்ளை வேன் வந்தது. அதற்குப் பின்னாலேயே இன்னொரு சத்தம் உறுமிக்கொண்டு வந்தது. தெருவில் இருந்த பிள்ளைகள் எல்லாம் அந்தப் பக்கம் ஓடின.

சிவப்பு நிற பியட். தரையில் வயிறு உரசுகிற மாதிரி இறங்கியிருந்தது. கண்ணாடியெல்லாம் கறுப்பு. முன்னால் நிற்கிற விளக்குகளை எண்ணவே நேரமாகும். ஹாரன் ஒரு பாட்டே பாடியது. இறங்கினவன் மன்சூர் அலி, கடையநல்லூர்க்காரன், மாப்பிள்ளையோடு புளியங்குடியில் ஒன்றாகப் படித்தவன். துபாயிலிருந்து லீவில் வந்திருந்தான். பவுல்பாண்டியன் காலை மட்டும் நீட்டிப் படுத்திருந்தது இந்தக் காருக்கு அடியில்தான்.

மாப்பிள்ளை சௌந்தரபாண்டியன் வேனிலிருந்து இறங்கி ஓப்பன் காரைப் பார்த்தான். பிறகு சிவப்பு பியட்டைப் பார்த்தான். மன்சூர் அலியின் காதில் ஏதோ சொன்னான். மன்சூர் அலி சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டான். மாப்பிள்ளை குனிந்து, கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான்.

ஆவுடையப்பன் திரும்பிக் காலியான சிவப்பு வெல்வெட் சீட்டைப் பார்த்தார். குருநாதன் கிட்டே வந்தார்.

"பயலுக ஆசைப்படுதானுவ சம்பந்தி. இப்ப ஃபாஷன் அதுதானாம். விடுங்க. உங்க வண்டியும் சும்மா வரவேண்டாம். மேளக்காரங்களை ஏத்திக்கிடுங்க. பாவம், நடந்து வாராங்க."

பாவி மனுஷன்! தன் வாயால் கேட்டதைத் தன் வாயாலேயே துப்பிவிட்டு, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் போய்விட்டார்.

நாதஸ்வரமும் தவிலும் ஏறின. ஒத்துக்காரர் ஏறினார். லைட்டுக்காக வைத்திருந்த ஜெனரேட்டரைத் தூக்கிப் பின்சீட்டில் வைத்தார்கள், சிவப்பு வெல்வெட் மேலேயே. தெருப்பிள்ளைகள் பின்னால் தொற்றின, பக்கத்தில் தொற்றின, பானட்டில் ஏறி உட்கார்ந்தன. இறங்குங்கலே என்று சொல்ல ஆவுடையப்பனுக்கு நாக்கு எழவில்லை. முன்னால் அந்தச் சிவப்புக் கார் உறுமிக்கொண்டு போக, ஊரே அதைப் பார்த்துக்கொண்டு போக, பின்னால் அவர் முதல் கியரில் ஊர்ந்தார். தேரடிப் பக்கம் வந்தபோது காருக்கு நடுவில் எங்கேயோ 'கிறீச்' என்று ஒரு சத்தம் கேட்டது. மேளச் சத்தத்தில் அது அவர் ஒருத்தர் காதில்தான் விழுந்தது. மண்டபத்தில் நிறுத்தி இறங்கப் பார்த்தால் கதவு திறக்கவில்லை. நாலு கதவும் இறுகிப்போயிருந்தன. மேளக்காரர்கள் தாண்டிக் குதித்தார்கள். ஆவுடையப்பனும் வேட்டியைத் தூக்கிக்கட்டிக்கொண்டு தாண்டிக் குதித்தார். நல்லவேளை, அந்த நேரம் ஊரே மாப்பிள்ளை காரைச் சுற்றி நின்றது. பெண்ணைப் பெற்றவரை யார் பார்த்தார்கள்?

மறுநாள் தாலி நல்லபடியாக ஏறியது. அதில் ஒரு குறையும் இல்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் சிவகிரிக்குப் போனார்கள்.

மண்டபத்தைக் கூட்டிக் கொடுத்துவிட்டு ஆவுடையப்பன் காரைப் பட்டறைக்கு ஓட்டினார். நாலு பேர் கூரையைத் தூக்கி வந்து மேலே இறக்கினார்கள். முன்தூண் இரண்டும் சேர்ந்தன. பின்தூண் சேரவில்லை. பின்னால் அழுத்தினார்கள், முன்னால் எழும்பியது. பவுல்பாண்டியன் ஜாக்கி வைத்து நடுவில் தூக்கிப் பார்த்தான். கதவு ஒரு பக்கம் பிளந்துகொண்டது. கூரை அப்படியும் நாலு விரல் விலகியே நின்றது. அவன் தரையில் படுத்து அடியில் போனான். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது ஆவுடையப்பன் முகத்தைப் பார்க்காமல் கையைத் துடைத்துக்கொண்டே பேசினான்.

"நடு ஒடிஞ்சிருக்கு அண்ணாச்சி. இதுக்கு அடியில சட்டமே இல்லியே. எம்புத்தியைச் செருப்பால அடிக்கணும். நான் அதை யோசிக்கலியே."

ஆவுடையப்பன் கோபப்பட்டால் தேவலை என்று பவுலுக்கு இருந்தது. கோபப்படக்கூட அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை. "கீழ எறக்கிருங்கப்பா" என்றார் கூரையைத் தூக்கிக்கொண்டு நின்றவர்களிடம். "கை வலிக்கும்லா."

அந்த நேரம் பார்த்து மன்சூர் அலியின் சிவப்புக் கார் பாட்டுப் பாடிக்கொண்டு உள்ளே வந்தது. ஊர்வலத்தில் எங்கேயோ கல் தட்டி அடிவயிறு கிழிந்திருந்தது, அதை ஒட்ட வந்திருந்தான். மொட்டைக் காரைச் சுற்றி ஒரு வட்டம் வந்தான். கண்ணெல்லாம் ஆசை.

"பவுலண்ணே, அன்னைக்கே கேக்கணும்னு நெனச்சேன். நம்ம வண்டிக்கும் இதே மாதிரி மேல அறுத்து விட்டிருங்களேன். லீவு முடிய முன்னாடி ஒரு தடவ ஓட்டிப் பாத்திருவேன்."

பவுல்பாண்டியன் கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான். "தம்பி, கர்த்தர் மேல சத்தியமாச் சொல்லுதேன். உங்க வண்டியை எடுத்துக்கிட்டு இன்னைக்கு மட்டும் எங்கயாவது போயிருங்க" என்றான். மன்சூர் அலிக்கு ஒன்றும் புரியவில்லை. மரியாதையான பையன், சலாம் வைத்துவிட்டுப் போனான்.

மறுவீட்டுக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் வருகிற அன்றைக்கு ஆவுடையப்பன் காலையிலேயே குளித்து, பஸ் ஸ்டாண்டில் போய் நின்று, அவர்களைக் கூட்டி வந்தார். வெயிலில் நடந்துதான். முத்துத்தாய் இலை போட்டு, உளுந்த வடை, பருப்புப் பாயசம் என்று மாப்பிள்ளையைத் திணறடித்தாள். அவன் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிச் சாப்பிட்டுவிட்டு உள்ளறையில் படுத்தான்.

வடிவு அடுப்படி வாசலில் அப்பாவுக்கு இலை போட்டாள். சோற்றை வைத்தாள். சாம்பாரை ஊற்றிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"மூடியாச்சாப்பா?"

ஆவுடையப்பன் சோற்றில் குழி பறித்துக்கொண்டிருந்தார்.

"அது அன்னைக்கே மூடியாச்சு மக்கா. சட்டிக்கு மூடி உக்காந்தாப்புல உக்காந்திருச்சி. மஞ்சள் பெயிண்டு காயுது, அதான் கொண்டாரலை. நாளைக்கு ஸ்டாண்டுல போட்டிருவேன்."

வடிவு கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பஸ்ஸு பட்டறைக்கு முன்னால நின்னுச்சிப்பா, ஆளு எறங்க. கூரை வேலிப்பக்கம் மல்லாந்து கெடந்திச்சி. அதுல மழைத்தண்ணி நின்னுச்சி. கோழி குடிச்சிக்கிட்டு இருந்திச்சி."

அவர் நிமிரவில்லை. சாம்பார் இலையோரம் வழிந்து தரையில் ஓடியது. இரண்டு பேரும் அதைத் துடைக்கவில்லை.

"அழுதுராத மக்கா. மாப்பிள்ளைக்குக் கேட்டிரும்" என்றார் கடைசியில். "அவருக்குத் தெரிய வேண்டாம்."

"அவியளும்தாம்ப்பா பாத்தாவ. நான்தான் காட்டினேன். எதுக்கு அறுத்தீங்கன்னு சொன்னேன்." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நம்ம காரை அறுத்தது அவியளுக்குத் தெரியவே தெரியாதாம்ப்பா. ஓப்பன் காரு சித்தப்பாவாக் கேட்டதாம். அவியளுக்குக் காத்து மூஞ்சில அடிச்சாலே தலவலி வந்திருமாம். சின்னப்புள்ளையிலேருந்து அப்படித்தானாம். அதுக்குத்தான் அன்னைக்குக் கூட்டாளிகிட்டக் கெஞ்சி அந்தக் கார்ல ஏறினாவளாம். இன்னைக்கு பஸ்லயும் சன்னல மூடிக்கிட்டுத்தாம்ப்பா வந்தாவ."

ஆவுடையப்பன் உள்ளறைப் பக்கம் பார்த்தார். மத்தியான வெக்கையில் மாப்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். தலையைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தான். முத்துத்தாய் மாப்பிள்ளைக்காகப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வந்த மேஜை ஃபேனை யாரோ சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள்.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம், என்ன?" என்றார்.

"ஆமாப்பா" என்றாள் வடிவு. பிறகு, "சாப்பிடுங்க" என்றாள்.